லேப்ராஸ்கோப்பி: பெயரில் இருக்கும் அள்ளை

தொண்டியில் மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். "சாவி ஓட்டைன்னாங்கப்பா, இது பூட்டே போற அளவுக்கு இருக்கு" என்று ஆட்காட்டி விரலை நீட்டி அளவு காட்டிச் சிரித்தார்.

அவர் சொல்வது சரிதான். சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியைச் ‘சாவித்துளை அறுவை’ என்பது ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்தது. சாவித்துளை வழியே எட்டிப் பார்க்கலாம், சாமானை வெளியே எடுக்க முடியுமா? சிறுநீரகமோ 10 முதல் 12 செ.மீ. நீளம். கேமராவும் கருவிகளும் நுழைய 5 முதல் 12 மி.மீ. அளவில் மூன்று நான்கு துளைகள் போதும். சிறுநீரகத்தைப் பிரித்த பிறகு, பெரும்பாலும் அடிவயிற்றில் தனியாக ஒரு கீறல் போட்டுத்தான் முழுசாக வெளியே எடுக்கிறார்கள்.

லேப்ராஸ்கோப்பி கிரேக்க வேர் கொண்டது. ‘ஸ்கோபெய்ன்’ என்றால் பார்த்தல். ‘லபாரா’ என்பது விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே மெத்தென்று இருக்கும் பக்கம். "அள்ளையில குத்துது" என்கிறோமே, அந்த அள்ளை! வேடிக்கை என்னவென்றால், அள்ளையைப் பெயரில் வைத்திருக்கும் இந்த முறைதான் கொடையாளரின் அள்ளையைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. முன்பெல்லாம் அங்கேதான் 15, 20 செ.மீ. கீறுவார்கள்; சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டும் போகும். 1995இல் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர்கள் ராட்னரும் கவூசியும் உயிருள்ள கொடையாளரிடமிருந்து முதன்முதலில் இம்முறையில் சிறுநீரகத்தை எடுத்தார்கள்.

அப்போது ஒரு பயமும் இருந்தது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறார்கள், சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தை நிறுத்தி அதை வெளியே எடுக்கச் சில நிமிடம் கூடுதலாகிறது. வாங்கியவர் உடம்பில் அது ஒழுங்காக வேலை செய்யுமா? செய்கிறது. திறந்து எடுத்ததைப் போலவே இதுவும் நிலைக்கிறது. கொடுத்தவருக்கு வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனாலும் மீன் கூடையைத் தூக்க ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது: 1994 முதல் 2009 வரையான, இரு முறைகளும் சேர்ந்த அமெரிக்கக் கணக்கில், 10,000 கொடையாளர்களில் சுமார் 3 பேர் 90 நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நுண்துளை அறுவை’ எனக்குப் பிடித்த சொல். சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. நெஃப்ரெக்டமியைச் ‘சிறுநீரக நீக்கம்’ என்று எழுதுகிறார்கள். நோயுற்றதை அகற்றினால் அது பொருந்தும். நல்லதை இன்னொருவருக்காக எடுப்பதை நீக்கம் என்பானேன்? ‘நுண்துளைச் சிறுநீரக எடுப்பு’ எனலாம்.

அக்காவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. கறிக்கடையில் இன்றும் புழங்கும் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்: "தம்பிக்கு ஒரு குண்டிக்காயைக் குடுத்துருக்கேன்."