நீண்ட நேரம் 8,000 ஆர்பிஎம்: ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் தாங்குமா?

"வண்டியை ரேஸ் பண்ணாதே, இன்ஜின் போயிடும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆசையாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பிறகும் 4,000 ஆர்பிஎம்மைத் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தாண்டத் தயங்குகிறவர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு, சத்தம் கேட்பதற்காக, அதற்கு மேல் சுற்றாமல் பெட்ரோலை நிறுத்தும் லிமிட்டர் அடிக்கும்வரை மிதிக்கிறவர்களும் வருகிறார்கள். இன்ஜின் பிரித்து வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஆள் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆள்தான் செலவை இழுத்து வைத்துக்கொள்கிறார்.

ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கம்பெனி விற்காத கார்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 1999-ல் வந்த முதல் மாடலில் டர்போ இல்லாத 2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். ரெட்லைன், அதாவது மீட்டரில் சிவப்புக் கோடு தொடங்கும் இடம், 9,000. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை போகும் தூரம், 84 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், 9,000-ல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிற பிஸ்டன் ஒரு நொடிக்கு 300 முறை நின்று திரும்புகிறது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் படுகிற பாடெல்லாம் அந்தத் திரும்பலில்தான். அங்கே வரும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6,000-லிருந்து 9,000-க்குப் போனால் சுழற்சி ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, விசையோ இரண்டேகால் மடங்கு ஆகிறது.

கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த விசைக்குக் கணக்குப் பார்த்துத்தான் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன், வால்வைத் திறக்க ரோலர் வைத்த ராக்கர், நார் கலந்த உலோகத்தில் சிலிண்டர் சுவர் என்று அந்த இன்ஜினைக் கட்டினார்கள். ரெட்லைன் என்பது இன்ஜின் உடைகிற இடம் இல்லை. தொடர்ந்து வேலை செய்யலாம் என்று கட்டியவரே கொடுத்த எல்லை அது.

சரி, நீண்ட நேரம் வைத்திருந்தால் தேய்மானம் கூடாதா? கொஞ்சம் கூடும். எங்கே கூடும் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஓடும் இன்ஜினில் கிராங்க் ஜர்னலும் (கிராங்க் தண்டில் சுற்றும் வழவழப்பான பகுதி) அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே முடியை விட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. ஜர்னல் வேகமாகச் சுற்றச் சுற்ற அந்தப் படலம் நன்றாகவே உருவாகும். ஆறாவது கியரில் 1,500-ல் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி மேடேற்றுகிறார்களே, அங்கேதான் வேகமும் இல்லாமல் சுமையும் கூடிப் படலம் மெலிகிறது. இன்றைய சிறிய டர்போ இன்ஜின்களில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து, ஸ்பார்க்குக்கு முன்பே கலவை தானாகப் பற்றி பிஸ்டனை உடைத்துவிடலாம்.

ஆக, உயர் ஆர்பிஎம்மில் கவலைப்பட வேண்டியது ஆயிலைப் பற்றித்தான். அதன் சூடு, அதன் அளவு, அது போய்ச் சேருகிறதா என்பது.

ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டும்போது தண்ணீர் மீட்டர் ஒழுங்காக நடுவில் நிற்கும், ஆயில் மட்டும் 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடேறிய ஆயில் நீர்த்துப்போகும், பிரஷர் இறங்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சென்னை வெயிலில் ஓட்டுகிறவர்கள் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் இல்லாமல் டிராக்கில் இறங்கவே கூடாது என்பேன். நீளமான வளைவில், இன்ஜினுக்கு அடியில் உள்ள தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு ஒரு லிட்டர் குறைவாக இருந்தால் ஆயிலை இழுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். 8,000-ல் அது ஓரிரு நொடி நடந்தாலே போதும், பேரிங்கின் மேல்பூச்சு வழிந்து செம்பு நிறம் தெரியும். நான் பிரித்த டிராக் கார்களில் பெரும்பாலும் பார்த்தது இந்தச் செம்பு நிறத்தைத்தான். அதிக ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜின் ஆயில் குடிக்கும், அது இயல்பு. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.

எஸ்2000-லேயே இதற்குச் சான்று உண்டு. ஆரம்பகாலக் கார்களில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டின் போல்ட்டில் இரண்டு துளைதான் இருந்தது. நான்காம் சிலிண்டர் கீறல் விழுந்து போனது. ஹோண்டா நான்கு துளை போல்ட்டுக்கு மாறியது. ரெட்லைனைக் குறைக்கவில்லை, ஆயிலைக் கூட்டினார்கள்.

குளிர்ந்த இன்ஜினை மிதிப்பது இதற்கு நேரெதிர். ஆயில் கெட்டியாக இருக்கும், பிஸ்டனும் சிலிண்டரும் சரியான இடைவெளிக்கு விரிந்திருக்காது. ஈ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3-யின் ரெட்லைன் 8,000. அதன் டாக்கோமீட்டரில் ஆரஞ்சு விளக்குகள் எரியும். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும், எதுவரை மிதிக்கலாம் என்று காட்டும். எல்லாக் காரிலும் இருக்க வேண்டிய விஷயம். உங்கள் காரில் இல்லையென்றால், தண்ணீர் மீட்டர் நடுவுக்கு வந்த பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் சூடாக அதிக நேரம் எடுக்கும்.

அப்புறம், இன்ஜினை ஒரே நொடியில் கொல்வது தவறான கியர். எஸ்2000-ல் மூன்றாவதில் 8,500 வரை போய், நான்காவதுக்குப் பதில் இரண்டாவதில் விழுந்தால் ஆர்பிஎம் 11,700. லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், டயர் வழியாக இன்ஜினைச் சுற்றவைப்பதை அதனால் தடுக்க முடியாது. வால்வு ஸ்பிரிங் பின்தங்கும், வால்வு பிஸ்டனில் மோதும். மோதாமல் தப்பினாலும், ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் ரிடெய்னரில் விரிசல் விட்டு, பிறகு ஒருநாள் வால்வு உள்ளே விழும். அன்று "சும்மா ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது உண்மையும்கூட.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 தனி ரகம், அதில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும். 9,000-ல் கூட ரோட்டர் சுற்றுவது 3,000 முறைதான். மெதுவாகவே ஓட்டினால் அதில் கரி சேரும். வாரத்துக்கு ஒருமுறையாவது, சூடான பிறகு, ரெட்லைன் வரை கொண்டுபோவது அதற்கு நல்லது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள், முந்தைய ஓனர் வேகமாக ஓட்டினாரா என்று விசாரிப்பதை விட்டுவிடுங்கள். ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட் எடுங்கள். போர்ஷே போன்ற கார்களில் ரெட்லைன் தாண்டிய பதிவு கண்ட்ரோல் யூனிட்டிலேயே இருக்கும், எந்த அளவுக்குத் தாண்டியது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியபோது நடந்தது என்பதுவரை. ஸ்கேனரை மாட்டி அதைப் படிக்கச் சொல்லுங்கள். மறுக்கிற விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.