ஃப்ரீ/பிஸி: ‘கிடைக்கும் தன்மை’ வேண்டாம், ‘ஒழிவு’ இருக்கிறது

“பயனரின் கிடைக்கும் தன்மை கிடைக்கவில்லை.” ஃப்ரீ/பிஸி விவரத்துக்கான ‘அவெய்லபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அலுவலகத்து மின்னஞ்சல் சர்வரையும் கிளவுடு சர்வரையும் இணைக்கும் தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதம் மூன்றாம் முறையாக இதைப் படித்துவிட்டேன்.

ஃப்ரீ/பிஸி என்பது, ஒருவருக்கு எந்த நேரம் வேலை, எந்த நேரம் வேலையில்லை என்று மட்டும் காட்டும் நாட்காட்டி விவரம். நாட்காட்டி விவரங்களைப் பரிமாறிக்கொள்வதற்காக 1998இல் வந்த ஐகேலண்டர் தரத்திலேயே இதற்குத் தனிப் பகுதி உண்டு. ‘ஃப்ரீ’ என்பதற்குக் ‘காசில்லாத’ என்றும் பொருள் உண்டு. சிலர் ‘இலவச நேரம்’ என்கிறார்கள். அது பிழையென்று எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

‘கிடைக்கும் தன்மை’ அப்படியல்ல, அது ஆளை ஏமாற்றும். கடையில் அரிசி கிடைக்கும், மனிதர் கிடைப்பாரா? மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில், 2007 பதிப்பு முதல் ஒரு சர்வர் அடுத்த சர்வரிடம் இந்த விவரத்தை அப்போதைக்கப்போது கேட்டு வாங்குகிறது. அடுத்த சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் ஆட்டோடிஸ்கவர் முகவரி தவறினாலோ, சர்வரின் அடையாளச் சான்றிதழ் காலாவதியானாலோ, இரு நிறுவனங்களுக்கிடையே அனுமதி இல்லாவிட்டாலோ பதில் வராது. அவுட்லுக் மின்னஞ்சல் செயலியில் அந்தப் பயனரின் பெயருக்கு நேரே சாய்கோடுகள்தான் தெரியும். அங்கே ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினால், கிடைக்காதது ஆளா, விவரமா? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மேலாளர் ஊரில் இல்லை என்றே நினைத்துக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார், காலாவதியானது சான்றிதழ். ‘வர இயலாது’ என்பதைக்கூட ஐகேலண்டர் பிஸியின் ஒரு வகையாகத்தான் வைத்திருக்கிறது. விவரமே வராதது முற்றிலும் வேறு சங்கதி.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. “கை ஒழிஞ்சதும் வரேன்” என்கிறோம், “ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்” உழைக்கிறோம். ஆகவே ஃப்ரீ என்றால் ஒழிவு, பிஸி என்றால் வேலை, இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘ஒழிவு நிலை’. ‘ஒழிக’ நினைவுக்கு வருகிறதே என்பார்கள். ‘வீடு ஒழிந்திருக்கிறது’ என்றால் யாரும் வீடு அழிந்ததாக நினைப்பதில்லையே! அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த வரியைப் பார்த்து ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று யோசிப்பதேயில்லை. சர்வர் ‘அவெய்லபிள்’ என்றாலும் அதே ‘கிடைக்கும்’தான். ‘இயங்குகிறது’ என்று எழுதினால் என்ன?

பிழைச் செய்தியை இப்படி எழுதலாம்: “இவருடைய ஒழிவு நிலையை அவரது சர்வரிடமிருந்து பெற முடியவில்லை.” படிப்பவர் மேலாளரைத் தேடாமல் சர்வர் பார்ப்பவரைக் கூப்பிடுவார்.