'ஃபைல் காணோம்' என்று செட்டப் நின்றால், ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் போன மாதம் தன் சிபியூவைத் தூக்கிக்கொண்டு என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். விண்டோஸ் 10. சில வாரங்களாக நீலத்திரை வந்துகொண்டிருந்திருக்கிறது. அவருடைய அக்கா மகன் பென்டிரைவ் தயார் செய்து ரிப்பேர் இன்ஸ்டால், அதாவது இருக்கிற ஃபைல்களை அழிக்காமல் விண்டோஸை மட்டும் மறுபடி போடுவது, போட்டுப் பார்த்திருக்கிறான். பாதியில் 80070570 என்ற எண்ணைக் காட்டி நின்று, பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

"ஏதோ ஃபைல் கெட்டுப்போயிருக்கு, இல்லைன்னா காணோம்னு சொல்லுது தம்பி. ஃபார்மட் பண்ணிடுங்கன்னு பையன் சொல்றான். பண்ணிடலாமா?"

"வேண்டாங்க ஐயா, ரெண்டு நாள் கொடுங்க" என்றேன்.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலரும் நினைப்பது, தன் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல் தொலைந்துவிட்டது என்று. ரிப்பேர் இன்ஸ்டாலில் செட்டப், அதாவது விண்டோஸைப் போடும் புரோகிராம், தேடுவது பெரும்பாலும் தான் கொண்டுவந்த புது ஃபைலை. அது பென்டிரைவிலிருந்து கிளம்பி, யுஎஸ்பி போர்ட் வழியாக ரேமுக்கு வந்து, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார வேண்டும். வழியில் எங்கே கெட்டாலும் செய்தி ஒன்றுதான்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் இதே கதைதான். சிடியிலிருந்து ரிப்பேர் ஓடும்போது 'ஏஎஸ்எம்எஸ் என்ற ஃபைல் தேவை' என்று கேட்டு நிற்கும். சிடியைத் திறந்து பார்த்தால் ஐ386 ஃபோல்டருக்குள் அது பத்திரமாக இருக்கும். கீறல் விழுந்த சிடியோ டிரைவோ அதைப் படிக்கவிடாமல் செய்திருக்கும். அப்போது அவசரப்பட்டு ஃபார்மட் செய்து கல்யாண போட்டோக்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பெரியவரின் டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். இதைச் செய்யாமல் எந்தப் பரிசோதனையும் ஆரம்பிக்காதீர்கள். டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டுவதே அதற்குக் கடைசி அடியாகிவிடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கழற்றிய டிஸ்க்கைத் திறக்க முடியாது. இவர் டிஸ்க்கில் பிட்லாக்கர் இல்லை, கெட்ட செக்டர்களும் இல்லை. அப்போ டிஸ்க் மேல் பழி இல்லை.

அடுத்து பென்டிரைவ். அதைத் தயார் செய்ய அந்தப் பையன் இதே டிஸ்க்கில் வைத்திருந்த ஐஎஸ்ஓ ஃபைலை (செட்டப் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்), விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையில் எஸ்எச்ஏ256 முறையைக் கொடுத்துச் சோதித்தேன். ஒரு ஃபைலுக்கு 64 எழுத்தில் ஒரு கைரேகை கிடைக்கும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். என் கம்ப்யூட்டரில் எத்தனை முறை பார்த்தாலும் ஒரே கைரேகை. டிஸ்க்கைத் திரும்ப அவர் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து மூன்று முறை பார்த்தேன். மூன்றில் ஒன்று வேறாக வந்தது! மாறாத ஃபைலுக்குக் கைரேகை மாறுகிறது என்றால், படிக்கிற இடத்தில் கோளாறு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டதும் தெரிந்துவிட்டது. இரண்டு 4 ஜிபி ரேம்களில் ஒன்று பழுது.

பையன் பென்டிரைவைத் தயார் செய்ததும் இதே கம்ப்யூட்டரில்தான். பழுதான ரேம் வழியாகப் போன ஃபைல்கள் பென்டிரைவிலும் கெட்டே இறங்கியிருந்தன. நீலத்திரை வரும் கம்ப்யூட்டரில் அதற்கான பென்டிரைவைத் தயார் செய்யவே கூடாது. நல்ல கம்ப்யூட்டர் ஒன்றைக் கடன் வாங்குங்கள்.

கெட்ட ரேமைக் கழற்றிவிட்டு, என் லேப்டாப்பில் புதிதாகப் பென்டிரைவ் தயார் செய்தேன். ரிப்பேர் செய்ய பென்டிரைவிலிருந்து பூட் செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. விண்டோஸுக்குள் இருந்தபடியே பென்டிரைவைத் திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். மொழியும் எடிஷனும் ஏற்கனவே இருப்பதோடு பொருந்தினால்தான் அந்த வாய்ப்பு வரும். வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், 'நெக்ஸ்ட்' அழுத்தாதீர்கள்.

இவர் விஷயத்தில் அந்த வாய்ப்பு மிக முக்கியம். அவருடைய பழைய பத்திரங்கள் எல்லாம் வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்தவை, இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோட் இல்லை. ஃபார்மட் செய்திருந்தால் ஃபான்டும் போயிருக்கும். நகல் எடுத்த ஃபைலைத் திறந்தால்கூட ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். அதையும் ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

ஒன்றரை மணி நேரத்தில் ரிப்பேர் முடிந்தது. லாகின் செய்தால் டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தது. பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். விண்டோஸ் அவருடைய கணக்குக்குப் பதிலாக ஒரு வெறும் தற்காலிக புரொஃபைலில் திறந்திருந்தது. இதுவும் அடிக்கடி நடப்பதுதான். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் அவர் ஃபைல்கள் அப்படியே இருந்தன. அந்த நிலையில் எதையும் புதிதாக சேவ் செய்யக் கூடாது, வெளியே வந்தால் அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தேன். எல்லா ஐகான்களும் வந்தன.

அவர் 2009-ல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திறந்து, முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.