கொழுப்பில் புதைந்த ஏற்பியின் உருவம்

ஆஸ்துமா உள்ள ஒருவர் இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிய சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து மூச்சு சீராகிறது. சிலருக்கு அப்போது கை லேசாக நடுங்குவதும் உண்டு. இரண்டையும் செய்வது ஒரே புரதம்தான். மருந்திலுள்ள சால்புட்டமால் மூலக்கூறு, தசைச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியில் போய் அமர்ந்து, வெளியிலிருந்து வந்த செய்தியைச் செல்லுக்குள் கடத்தச் செய்கிறது. சால்புட்டமால் 1969-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது அமரும் புரதம் எப்படி இருக்கும் என்பது 2007 வரை யாருக்கும் தெரியாது. அத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதில்தான் இந்த அறிவியலின் உண்மையான கடினம் இருக்கிறது.

ஒரு புரதத்தின் உருவத்தைக் காணும் பழைய வழி, அதைப் படிகமாக்குவது. தூய்மையான புரதக் கரைசலை மெல்ல மெல்லச் செறிவூட்டினால், கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடுக்கிய செங்கற்கள்போல் ஒரே ஒழுங்கில் வந்து அமரும். அந்தப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தும்போது சிதறி விழும் புள்ளிகளைக் கொண்டு எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டு, அதற்குள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்துகிறார்கள். பொருத்தியது சரிதானா என்று பார்க்க உலகெங்கும் இன்றுவரை பயன்படுவது, ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட, சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடம் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட வேண்டும்.

நீரில் கரையும் புரதங்களுக்கு இந்த வழி நன்றாகவே பலித்தது. செல்சவ்வில் வாழும் புரதத்தின் இயல்பு வேறு. பீட்டா-2 ஏற்பி 413 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. அது சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து செல்கிறது. சவ்வின் உட்பகுதி முழுவதும் கொழுப்பு. ஆகவே அதைத் தொடும் புரதத்தின் இடைப்பகுதியும் நீரை ஒதுக்கும் தன்மை உடையது. சவ்வை உரித்து அதை நீரில் விட்டால், திரிந்த பாலைப்போல் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வீணாகிவிடும். இதைத் தடுக்க டிடர்ஜென்ட் சேர்ப்பார்கள். டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் புரதத்தின் இடுப்பைச் சுற்றி வளையமாகப் படிந்து அதை நீரில் மிதக்க வைக்கின்றன. ஆனால் ஒரு புரதம் அடுத்த புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டிய பரப்பையும் அதே வழுக்கும் வளையம் மூடிவிடுவதால், படிகம் உருவாவது அரிதாகிறது. போதாததற்கு இந்த ஏற்பி ஒரே நிலையில் நிற்பதில்லை. மருந்து இல்லாதபோதும் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். கிடைக்கும் அளவோ மிகக் குறைவு. இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற புரதம் மாட்டின் விழித்திரையில் ஏராளமாகக் கிடைத்ததால்தான் அதன் உருவம் 2000-லேயே வெளிவந்தது.

பீட்டா-2 ஏற்பியின் மரபணு 1986-இல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பணியில் ஈடுபட்ட இளைஞரான பிரையன் கோபில்கா, பிறகு ஸ்டான்ஃபோர்டில் தம் சொந்த ஆய்வகத்தில் இந்த ஒரே புரதத்தை விடாமல் பின்தொடர்ந்தார். பூச்சிச் செல்களில் அதை உற்பத்தி செய்ய வைத்தார்கள். ஏற்பியின் உட்புறத்தில் ஓயாமல் அசையும் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எளிதில் படிகமாகும் லைசோசைம் என்ற புரதத்தை இணைத்தார்கள். காரஸோலால் என்ற மருந்தை ஏற்பியில் அமர்த்தி அதை அசையாமல் நிறுத்தினார்கள்.

படிகம் வளர்த்த விதம் இன்னும் நுட்பமானது. 1996-இல் லாண்டாவும் ரோசன்புஷ்ஷும் காட்டிய வழியில், மோனோஒலீன் என்ற கொழுப்பை ஒரு ஊசிக்குழலிலும் புரதக் கரைசலை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டின் வாயையும் இணைத்து, இப்படியும் அப்படியுமாகத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறார்கள். முதலில் கலங்கி வெள்ளையாக இருக்கும் கலவை சற்று நேரத்தில் கண்ணாடிபோல் தெளிந்து, பற்பசையைப்போல் கெட்டியாகிறது. அதற்குள் கொழுப்பு ஒரே தொடர்ச்சியான சவ்வாக வளைந்து வளைந்து ஓடுகிறது. அதாவது, புரதத்துக்கு அதன் வீட்டையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சவ்வினூடே நகர்ந்து ஒன்றையொன்று சந்திக்கும் புரதங்கள் அங்கேயே படிகமாகின்றன. உறைய வைத்ததும் கலவை மங்கிவிடுவதால், ஒரு தலைமயிரின் தடிமனைவிடச் சிறிய அந்தப் படிகங்களைக் கண்ணால் காண முடியாது. எக்ஸ் கதிரையே அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தேட வேண்டும். கதிர் பட்டுப் படிகம் விரைவில் சிதைவதால், பல படிகங்களின் தரவுகளைச் சேர்த்துத்தான் முழு உருவத்தைப் பெற முடிந்தது. 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் மருந்து அமரும் குழி முதன்முறையாகத் தெரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு 10 கோடி ஆங்ஸ்ட்ராம்.

அது உறங்கும் ஏற்பியின் படம். செய்தி கடத்தும் நிலையைக் காண, செல்லுக்குள் அதைத் தொட்டுச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஜி புரதத்தோடு சேர்த்தே படிகமாக்க வேண்டியிருந்தது. அந்த இணைப்பு குலையாமல் இருக்க, லாமா என்ற விலங்கின் உடலில் உருவான எதிர்ப்பொருளிலிருந்து பெற்ற ஒரு சிறு துண்டை ஆப்புபோல் செருகினார்கள். 2011-இல் வெளியான அந்த உருவத்தில், சவ்வைக் கடக்கும் ஏழு சுருள்களில் ஆறாவது, சவ்வின் உட்புற விளிம்பில் 14 ஆங்ஸ்ட்ராம் வெளிநோக்கி நகர்ந்திருந்தது. வெளியே ஒரு சிறு மூலக்கூறு அமர்ந்தால் உள்ளே கதவு திறக்கிறது என்று அதுவரை சொல்லித்தான் வந்தார்கள். இப்போது அந்தக் கதவையே பார்த்தார்கள். மறு ஆண்டு லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

படிகமே வேண்டாம் என்ற நிலை அதற்குப் பிறகு வந்தது. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில், புரதக் கரைசலை மெல்லிய ஏடாக்கி, திரவ ஈத்தேனில் நொடிப்பொழுதில் உறைய வைத்து, வெவ்வேறு கோணங்களில் கிடக்கும் பல்லாயிரம் மூலக்கூறுகளின் மங்கலான நிழல்களைக் கணினியில் ஒன்று சேர்க்கிறார்கள். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற சவ்வுப் புரதத்தின் உருவம் 2013-இல் இப்படித்தான் 3.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் கிடைத்தது. சால்புட்டமால் தன் ஏற்பியின் குழியில் எந்தெந்த அமினோ அமிலங்களைப் பற்றிக்கொண்டு அமர்ந்து ஜி புரதத்தைத் தூண்டுகிறது என்பதும், மருந்து வந்து அரை நூற்றாண்டு கழித்து, இதே முறையில் படமாகியிருக்கிறது.