நிறத்தை விடுங்கள், அலகையும் காலையும் பாருங்கள்

மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நாளிலிருந்து ஆடிக்காற்று ஓய்கிற வரை, தர்மபுரிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே அவர் மேசைக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்து சேரும். உள்ளே பழைய துணி, அதன்மேல் ஒரு பறவைக் குஞ்சு, மூலையில் பாலில் ஊறிய ரொட்டித் துண்டு. கொண்டு வருகிறவர் பெட்டியைத் திறக்கும்போதே பெயரையும் சொல்லிவிடுவார். "பருந்துக் குஞ்சு சார்." "கிளிங்க டாக்டர், மரத்துல இருந்து விழுந்திருச்சு." பல நேரம் அந்தப் பெயர் தவறாக இருக்கும். அந்தப் பெயரை நம்பித்தான் முந்தின ராத்திரி முழுக்கத் தீனி போட்டிருப்பார்கள். அடிபட்டு வருகிற குஞ்சுக்கு ஏதாவது செய்ய முடிகிறது. ஆசையாக ஊட்டி, தீனி நெஞ்சில் அடைத்து மூச்சுத் திணறி வருகிற குஞ்சுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பெயர் தவறுவதற்குக் காரணம் நாம் நிறத்தைப் பார்ப்பதுதான். படங்களில் வருவது அநேகமாக வளர்ந்த ஆண் பறவை. கொல்லையில் விழுந்து கிடப்பது குஞ்சு, இல்லாவிட்டால் மங்கலான நிறத்துப் பெட்டை. குஞ்சின் நிறம் வளர வளர மாறும். அலகின் அமைப்பும் கால்விரல்களின் அடுக்கும் அப்படி மாறுவதில்லை. அலகைப் பார்த்தால் அது என்ன தின்னும் என்று ஊகிக்கலாம். விரலைப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்பது ஓரளவு பிடிபடும்.

காக்கையும் குயிலும் இதற்கு நல்ல உதாரணம். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் குயில் கத்தாத கோடை கிடையாது. அது காக்கைக் கூட்டில் முட்டையிடுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டிலிருந்து விழுந்த கறுப்புக் குஞ்சைக் கையில் கொடுத்தால், காக்கையா குயிலா என்று சொல்லத் தடுமாறுவோம். வளர்ந்த குயிலுக்கு உரிய சிவந்த கண்ணும் வெளிர்பச்சை அலகும் குஞ்சுக்கு இருக்காது. மெதுவாகப் புரட்டிக் காலைப் பாருங்கள். காக்கைக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. குயிலுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. உங்கள் சுண்டுவிரலை அதன் பிடியில் கொடுத்தால் குருடருக்கும் தெரியும், இரண்டு பக்கமும் சமமாக இறுக்கும். காக்கைக் குஞ்சு வேகவைத்த முட்டையோ, பூச்சியோ, எதைக் கொடுத்தாலும் தின்னும். குயில் வளர வளரப் பழத்தை நம்பி வாழ்கிற பறவை. பப்பாளியும் வாழைப்பழமும் மசித்துக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு இருப்பது தெரிந்ததும், பாவம் காக்கை ஏமாறுகிறதே என்று அதை எடுத்து வெளியே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். காக்கை அதற்கும் சேர்த்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். நாம் நடுவில் போனால் ஒரு குஞ்சு வீணாகச் சாகும், அவ்வளவுதான்.

பெண் குயில் வந்தால் குழப்பம் வேறு மாதிரி. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை பட்டையாகக் கோடு. அதைப் பார்த்ததும் பருந்து வகை என்று முடிவு கட்டி, கோழிக்கறியை நறுக்கி வைத்துவிடுவார்கள். இந்தக் குழப்பத்தின் உச்சம் அக்காக்குயில். சின்ன வேட்டைப் பறவையான வைரியைப் போலவே மேலே சாம்பல், வயிற்றில் செம்பழுப்புக் கோடு, வாலில் பட்டை. பறந்து வந்து கிளையில் உட்காரும் விதம்கூட வைரிதான். வைரியை வல்லூறு என்றும் சொல்வார்கள். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "கோழிக்குஞ்சைத் தூக்கற வல்லூறு இதுதானுங்க, இருந்தாலும் உசிரு ஆச்சே" என்று சொல்லித்தான் பெட்டியை நீட்டினார். மேல் அலகு நுனி வளைந்து கொக்கியாக இல்லை. அலகு தொடங்கும் இடத்தில் வேட்டைப் பறவைக்கு உள்ள மெழுகு போன்ற மஞ்சள் தோல் இல்லை. கால் மெலிந்தது, நகத்தில் கிழிக்கிற கூர் இல்லை. கண்ணைச் சுற்றி மட்டும் மஞ்சள் வளையம். அது அக்காக்குயில். கம்பளிப்பூச்சியைத் தேடித் தின்பது, தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையிடுவது. கோழிக்குஞ்சின் பக்கமே போகாது. அவர் அதன் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இதையும் சேர்த்துத்தானே கல்லால அடிச்சோம்" என்றார். வைரியையும் அடிக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் ஓணான், தவளை, எலி, சின்னப் பறவை என்று வாழ்கிறது. கோழிக்குஞ்சைக் கூடையில் கவிழ்த்து வைத்தால் போதும்.

அடுத்து உழவாரன். பழைய கட்டடம், பாலத்தின் அடி, கோயில் மண்டபம், எங்கே பார்த்தாலும் கூட்டமாகச் சுற்றும். தகைவிலானும் அதே மாதிரிக் காற்றில் சுற்றிப் பூச்சி பிடிப்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறோம். தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது. அதன் கால் அவ்வளவு குட்டை, நான்கு விரலும் முன்னோக்கி இருக்கும். சுவரில் தொற்றத்தான் அந்தக் கால் உதவும், நடக்க உதவாது. இறக்கை அரிவாள் போல நீண்டு வாலைத் தாண்டிக் குறுக்காக மடங்கும். தரையில் விழுந்தால் எழுந்து பறப்பது அதற்குப் பெரும்பாடு. காலைப் பார்த்துவிட்டு "கால் ஒடிஞ்சிருச்சு சார்" என்றுதான் கொண்டு வருவார்கள். சிலர் தீப்பெட்டிக் குச்சி வைத்துக் கட்டுப்போட்டும் கொண்டு வந்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் கால் நன்றாகவே இருக்கும்.

முழுச் சிறகு வளர்ந்த உழவாரனாக இருந்து, இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி மடங்கியிருந்து, ரத்தம் எங்கும் இல்லை என்றால், திறந்த வெளிக்கு எடுத்துப் போய் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். வீசி எறியக் கூடாது. கொஞ்ச நேரம் நடுங்கும், பிறகு தானாகவே கிளம்பும். கிளம்பாவிட்டால் கொண்டு வாருங்கள். சோறு, ரொட்டி, தானியம் எதுவும் அதன் வயிற்றுக்கு ஆகாது. பறக்கும் பூச்சிதான் அதன் உணவு. பனை வெட்டும்போது ஓலையோடு கீழே வருகிற குஞ்சு பனை உழவாரனாக இருக்கலாம். ஓலையின் அடியில் எச்சிலால் ஒட்டிய சின்னக் கூடு அதனுடையது. தொங்கும் ஓலையை வெட்டும் முன் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கச் சொல்லி மரமேறுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதுண்டு.

புறாவில் இன ஆராய்ச்சி அவ்வளவு அவசரமில்லை. பின்கழுத்தில் கறுப்பின்மேல் வெள்ளைப் பொட்டு இருந்தால் புள்ளிப்புறா, ஒற்றைக் கறுப்புக் கோடு இருந்தால் கள்ளிப்புறா, முன்கழுத்தில் கரும்பொட்டு இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. ஆனால் குஞ்சு புறாவா வேறு பறவையா என்பது தெரிந்தே ஆகவேண்டும். மற்ற குஞ்சுகள் வாயைப் பிளந்து கேட்கும். புறாக் குஞ்சு கேட்காது. தாயின் வாய்க்குள் அலகை விட்டு, தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் ஊறும் பாலை உறிஞ்சும். உடம்பெல்லாம் மஞ்சள் நூல் போலப் பஞ்சு, பெரிய மெத்தென்ற அலகு, மூடிய வாய். இது தெரியாமல் "வாயே திறக்கல" என்று அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். நாக்கின் பின்னால் சிறு பிளவு தெரியும், அதுதான் மூச்சுக்குழாயின் வாய். தண்ணீர் நேரே அதில் இறங்கும். எந்தக் குஞ்சுக்குமே வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாட்டுப்பாலும் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது.

ஓசூர்ப் பக்கம் பச்சையாக எது விழுந்தாலும் கிளி. அங்கே ஆலும் அத்தியும் இருக்கிற தெருவில், அதே பச்சை நிறத்தில் இன்னொரு பறவையான குக்குறுவான் நிறைய. கிளிக்கும் குக்குறுவானுக்கும் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னேதான். ஆகவே இங்கே கால் கைகொடுக்காது, அலகைத்தான் பார்க்கவேண்டும். கிளிக்குக் கீழ்நோக்கி வளைந்த கொக்கி. குக்குறுவானுக்கு நேரான தடித்த அலகு, அதன் அடியில் மீசை மாதிரி முடி. குக்குறுவானுக்குப் பழம் வேண்டும், ஊறவைத்த கடலையைப் போட்டால் பட்டினிதான். கிளியாகவே இருந்தாலும் கூண்டில் வைத்து வளர்க்க நமக்கு உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். "எடுத்துக் காப்பாத்தினோம், இப்ப குழந்தைங்க விடமாட்டேங்குது" என்று சொல்கிற வீடுகளில் இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

தேன்சிட்டுக் குஞ்சு என்றதும் சர்க்கரைத் தண்ணீர் கரைக்கிறார்கள். தாய்ச்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் சின்னப் பூச்சியும். செம்பருத்தியில் தொங்குகிற பெட்டைகளைப் பிரித்தறிய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தொண்டை வெளுப்பாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, தொண்டையும் மஞ்சளாகவே இருந்தால் ஊதாத் தேன்சிட்டு. கொல்லையில் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறவற்றுக்கும் இப்படியே. இறக்கையில் நீளமான வெள்ளைப் பட்டையும் வெள்ளை வயிறும் இருந்தால் வண்ணாத்திக்குருவி. உடம்பெல்லாம் கறுத்து, தூக்கிய வாலின் அடியில் செம்பழுப்புத் தெரிந்தால் கருஞ்சிட்டு.

எதுவானாலும், எடுப்பதற்கு முன் கொஞ்சம் விலகி நின்று பாருங்கள். சிறகு மூடி, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில் இருக்கும். நாய் பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். சிறகு முளைக்காத குஞ்சானால் கூடு தெரிந்தால் கூட்டிலேயே வையுங்கள். காயம் இருந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ மட்டும் துளையிட்ட பெட்டியில், இருட்டாக, தீனி எதுவும் போடாமல் அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ கொண்டு போங்கள். பெட்டியை மூடும் முன் கைபேசியில் மூன்று படம் எடுங்கள்: பக்கவாட்டில் அலகு, விரல்கள் தெரிகிற மாதிரிக் கால், வயிறு. முதுகை மட்டும் எடுத்து அனுப்புகிற படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த ஊர், எந்த மரத்தடி என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். தேறினால் கொண்டுபோய் விடவேண்டிய இடம் அதுதான்.