வாலைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள்

பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவது என் வேலை. ஒருநாள் குழுவில் வந்த ஒருவர் நோட்டை நீட்டினார். கறுப்புத் தலையும் ஒரு சாணுக்கு மேல் நீண்ட வாலுமாக வெள்ளைப் பறவை ஒன்று, அதே வாலோடு செம்பழுப்பில் இன்னொன்று, வால் குட்டையாகச் செம்பழுப்பில் கொண்டை வைத்த 'ஏதோ ஒரு கொண்டைக்குருவி' என்று மூன்று இனம் குறித்து வைத்திருந்தார்.

மூன்றுமே அரசவால் ஈப்பிடிப்பான்தான்.

இதில் வளர்ந்த ஆண் வெள்ளையாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும். நடுவால் இறகுகள் இரண்டு மட்டும் 30 செ.மீ. வரை ரிப்பன்போல் தொங்கும். பெண்ணுக்கு அந்த ரிப்பன் கிடையாது. சரி, வால் குட்டை என்றால் பெண் என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் இளம் ஆணுக்கு இரண்டாவது மூன்றாவது வருடத்தில்தான் வால் நீளும், அதுவரை பார்க்கப் பெண் மாதிரியே இருக்கும். அதனால் தொண்டையைப் பாருங்கள். பெண்ணுக்குச் சாம்பல் நிறம், இளம் ஆணுக்குக் கறுப்பு, கண்ணைச் சுற்றி நீல வளையமும் இருக்கும்.

நிழல் காட்டில் நிறம் நிறையவே ஏமாற்றும். இலைக்கூரைக்குக் கீழே வெளிச்சமே பச்சையாக இறங்குகிறது, வெள்ளைகூடப் பச்சை தட்டித் தெரியும். நான் முதலில் பார்ப்பது உட்காரும் விதத்தை. நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டென்று பாய்ந்து காற்றிலேயே பூச்சியைப் பிடித்துக்கொண்டு வேறொரு கிளைக்குப் போனால், அது பழம் தேடிக் கிளையில் தாவும் கொண்டைக்குருவி இல்லை. அப்புறம் குரல். இவ்வளவு அழகான பறவையிடமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும், ஒருமுறை கேட்டால் மறக்காது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் உதவும்தான், ஆனால் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும், ஆகவே கண்ணால் பார்க்காமல் எழுத வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பறவை வெளியே வரட்டும் என்று ஸ்பீக்கரில் அதன் குரலைப் போடாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டு அது தவிக்கிறது, மே முதல் ஜூலை வரையிலான கூடுகட்டும் காலத்தில் இது இன்னும் கொடுமை. சிலந்தி நூலால் இறுக்கிய சின்னக் கிண்ணம்போல் இருக்கும் கூட்டில் ஆணும் பெண்ணும் மாறி மாறி 14 முதல் 16 நாள் அடைகாக்கும். வெள்ளை ஆண் உட்கார்ந்திருந்தால் வால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் படமெடுக்க மறைக்கிற இலையைக் கிள்ளிவிடுகிறார்கள். அந்த ஓரிரு இலைதான் குஞ்சுக்கு வெயிலும் வால்காக்கையின் பார்வையும் படாமல் காப்பது.

கூடு கண்ணில் பட்டால் நான் குழுவை அங்கே நிறுத்துவதில்லை. கையைக்கூட நீட்டிக் காட்டாமல் நடந்து, கொஞ்ச தூரம் தாண்டியபிறகுதான் சொல்வேன்.