அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போடும் முன்

பழைய ஒலிநாடா, வீடியோ நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவது என் தொழில். கடையில் விற்ற பாட்டுக் கேசட்டோடு யாராவது வந்தால் எனக்குப் பதற்றம் வராது. அதே பதிவு இன்னும் பல வீடுகளில் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். பதற்றம் வருவது மேலே பேனாவால் எழுதிய கேசட்டுகளைப் பார்க்கும்போதுதான். ஒரு நாடகக் குழுவின் ஒத்திகை, இசை ஆசிரியர் வகுப்பில் பாடிக் காட்டியது, உள்ளூர் மன்றத்தில் நடந்த கவியரங்கம் என்று எதுவோ அதில் இருக்கும். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

பெருநகரக் கலைஞரை வானொலி பதிவு செய்தது, இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தது, பத்திரிகைகள் எழுதின. சிறு நகரத்தில் அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் முன்வரிசையில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1976இல் வி.எச்.எஸ். வீடியோ வந்தது. அதன்பிறகு ஒரு தலைமுறைக் காலத்துக்குச் சிறு நகரங்களின் மேடைகள் இப்படித்தான் பதிவாகி, வீட்டுப் பரண்களில் போய்ச் சேர்ந்தன. அங்கே அப்படி ஒன்று இருப்பது ஊர் நூலகத்துக்குக்கூடத் தெரியாது. வீடு மாறும்போதோ, பெரியவர் காலமான பிறகு அறையை ஒழிக்கும்போதோ மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். இதைத் தடுக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் பசையோடு பூசிய காந்தத் துகள். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பசை மெல்ல இளகும், பூஞ்சை பிடிக்கும். சரி, நாடா தாக்குப்பிடித்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஓட்டக் கருவி வேண்டுமே? கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வீடியோ கேசட் ரெக்கார்டர் தயாரிப்பை நிறுத்தியதோடு அந்தக் கருவியின் கதை முடிந்தது. உதிரி பாகமும் இல்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2019இல் இதற்காகவே ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கின. நாடாக்களை முறையாக ஓட்டி எடுக்கும் வசதி 2025 வாக்கில் பெருமளவு போய்விடும் என்பதுதான் அவர்கள் சொன்னது. அந்த ஆண்டு வந்தேவிட்டது.

ஆனால் என் அனுபவத்தில் நாடாவுக்கும் கருவிக்கும் முன்னால் அழிந்துபோவது வேறொன்று: அதில் பாடுவது யார், பேசுவது யார் என்ற விவரம். நாடா அருமையாக ஓடுகிறது, குரல் கணீரென்று வருகிறது, அது யாருடைய குரல் என்று சொல்ல ஆள் இல்லை. இப்படிப் பல பதிவுகளைப் பெயரில்லாமல்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘நாடகம் – 2ஆம் நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நாடகம், எந்த ஊர், எந்த வருடம்? எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் பேரப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே சொல்வதில்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது, கருவியைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள் என்பதுதான். அந்தக் குழுவில் நடித்தவர், பக்கவாத்தியம் வாசித்தவர், மைக் செட் போட்டவர் என்று யார் இருந்தாலும் போய்ப் பாருங்கள். கேசட்டின் இரண்டு பக்கத்தையும், உள்ளே இருக்கும் அட்டையையும் ஃபோனில் படம் எடுத்துக் காட்டுங்கள். ‘இது அந்த வருஷம் மழையில நின்னுபோன கச்சேரி’ என்பது போல அவர்கள் ஒரு வாக்கியம் சொன்னால்கூட அப்படியே எழுதி வையுங்கள்.

அப்புறம் நாடா. எடுத்தவுடனே பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடா ஓடும் வாய்ப்பகுதியில், மெல்லிய உலோகப் பட்டையின் மேல் ஒரு சிறு பஞ்சுத் திண்டு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டுகளில் அந்தப் பசை காய்ந்து திண்டு உதிர்ந்துவிடும், சத்தமும் மங்கிவிடும். ‘கேசட் போயிடுச்சு’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நாடாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதை வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றினால் பாடும். நாடாச் சுற்றின் மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். மூச்சில் போகும், கருவிக்குள்ளும் பரவும். தனியாக ஒரு பையில் போட்டு, கையாளத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய ரீல்களைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பட்டை சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்து ரீல்களையும் கெடுக்கும், உடனே பிரித்து வைத்துவிடுங்கள்.

கணினியில் செருகும் மலிவான கேசட் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவற்றில் ஓட்டம் சீராக இருக்காது, சுருதி ஆடும். நல்ல பழைய கேசட் டெக் ஒன்றில், நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகமான ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அதை இம்மி இம்மியாகத் திருப்பி, பதிவான கோணத்துக்கு ஹெட்டைக் கொண்டுவர வேண்டும். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்த குரல், சரியான இடம் வந்ததும் சட்டென்று திறந்துகொள்ளும். நான் ‘ச’வையும் ‘ஸ’வையும்தான் கவனிப்பேன், அவை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவேன். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, பிறகு மென்பொருளில் சரிசெய்யலாம் என்பது நடக்காது. நாடாவிலிருந்து எடுக்காத ஒலியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. யாரிடம் கொடுத்தாலும் இந்தத் திருகாணியைச் சரிசெய்வீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கோப்பை எம்.பி.3யாக மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கேளுங்கள். காப்பகங்கள் பின்பற்றும் அளவு அது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜி.பி. ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமை இல்லை. குறைந்தது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறொரு வீட்டில் அல்லது ஊரில். யூடியூபில் ஏற்றியாகிவிட்டது, போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது சுருக்கிய பிரதி, கணக்கு முடங்கினால் அதுவும் போய்விடும். பலர் கேட்க அது நல்ல வழி, பாதுகாக்க அதை நம்பக்கூடாது. பொதுவில் போடும் முன் பாடியவரிடமோ அவர் குடும்பத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுடைய குரல் அது.

மாற்றிய பிறகும் மூல நாடாவைத் தூக்கிப் போட வேண்டாம். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இல்லாமல், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஊர் நூலகமோ கல்லூரியோ வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் ஒரு பிரதியும் விவரக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள். குறிப்பில்லாத பிரதியை அவர்களாலும் பட்டியலில் சேர்க்க முடியாது.

இன்னொன்று. மாற்றிய பதிவைக் குழுவில் மிச்சமிருக்கும் மூத்தவர்களைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொண்டு. ‘இது யார், அந்த ஹார்மோனியக்காரர்தானே’ என்று ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் பெயரைச் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சையும் ஒரு கோப்பாகச் சேமித்து, எந்த நாடாவைப் பற்றியது என்று அதன் பெயரிலேயே குறித்து வையுங்கள்.